காயிலை மாத்து, பிளக்கை மாத்து, கடைசியில் வண்டியையே மாத்து!

கடந்த ஆடி மழையில் ஊரிலிருந்து அப்பா போன் பண்ணினார். "மக்களே, வண்டிக்கு விக்கல் புடிச்சிருக்குடே. சிக்னல்ல நின்னா கெடந்து துள்ளுது."

நான் மஸ்கட்டில். வண்டி குளத்தூரில். அம்மாவை வாரத்தில் 3 நாள் டயாலிசிஸுக்கு நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவது அந்த வண்டிதான். வெளியூரில் குப்பை கொட்டும் எந்த மகனும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்: "ஒர்க்‌ஷாப்ல விடுங்கப்பா, எவ்வளவு ஆனாலும் அனுப்புறேன்."

இந்த ஒரு வரியைத்தான் இன்றைக்குத் திட்டப்போகிறேன்.

முதலில் 3 பிளக்கும் மாறின. வண்டி இரண்டு நாள் ஜம்மென்று ஓடியது. மறுபடி விக்கல். அப்புறம் ஒரு காயில், மீண்டும் இரண்டு நாள். அப்புறம் மிச்ச இரண்டு காயில், இன்ஜெக்டர் சுத்தம். பில் வாட்ஸப்பில் வரும், பணம் இங்கிருந்து போகும். ஒரு ராத்திரி, டயாலிசிஸ் முடிந்து துவண்டு கிடந்த அம்மாவோடு, உதியன்குளங்கரை பக்கத்தில் மழையில் வண்டி நின்றேவிட்டது. ஆட்டோ கிடைக்க முக்கால் மணி நேரம். மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் தீர்ப்பு: "கம்ப்யூட்டர் போயிருக்கும், மாத்தணும்." சொந்தக்காரர்கள் தீர்ப்பு: "வண்டிய வித்துரு."

லீவு போட்டுப் போனேன். எண்ணெய் ஆலையில் கருவிகளைச் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. அங்கே மீட்டர் தப்பாகக் காட்டினால் முதலில் ஒயரைப் பார்ப்போம், மீட்டரை மாற்ற மாட்டோம். சொந்த வண்டிக்கு மட்டும் இந்தப் புத்தி வேலை செய்யவில்லை பாருங்கள்.

மிஸ்ஸிங் என்பது ஒரு சிலிண்டர் தன் முறை வரும்போது எரியாமல் போவது. ஒவ்வொரு முறை எரியும்போதும் கிராங்க் லேசாக ஓர் உந்து வாங்கும். உந்து வராவிட்டால் அந்த நொடியில் அதன் வேகம் குறையும். வண்டியின் கம்ப்யூட்டர் இந்தக் குறையை அளந்துதான் எந்தச் சிலிண்டர் என்று சொல்கிறது. பி0301 என்றால் முதலாவது, பி0302 என்றால் இரண்டாவது. பி0300 என்றால் குறிப்பாக ஒன்று இல்லை, மாறி மாறி. 'எங்கே' என்பது வரைக்கும்தான் அதற்குத் தெரியும். ஏன் என்று அது சொல்லாது. பொறி வராமலிருக்கலாம், பெட்ரோல் வராமலிருக்கலாம், காற்று கசியலாம், கம்ப்ரஷன் போயிருக்கலாம். கோடைப் பார்த்ததும் காயிலை மாற்றுவது, நெஞ்சு வலி என்றவுடன் நெஞ்சையே மாற்றுகிற வைத்தியம்.

எங்கள் வண்டியில் வந்தது பி0302. இதற்கு ஒரு பைசா செலவில்லாத சோதனை இருக்கிறது. கோடை அழித்துவிட்டு இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றி ஓட்டுங்கள். பி0303 வந்தால் கோளாறு காயிலோடு போயிருக்கிறது, காயில்தான் குற்றவாளி. பி0302 அப்படியே நின்றால் காயில் நிரபராதி. பிளக்குக்கும் இதே சோதனைதான். (பழைய ஆசான்கள் எஞ்சின் ஓடும்போதே பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சத்தம் கேட்பார்கள். பிடுங்கியும் சத்தம் மாறாவிட்டால் அதுதான் செத்த சிலிண்டர். இன்றைய காயில் வண்டியில் அதைச் செய்யாதீர்கள், ஆயிரக்கணக்கான வோல்ட்.)

எனக்கு பி0302 அசையவில்லை. இரண்டாவது காயிலின் கனெக்டரைக் கழற்றி டார்ச் அடித்தேன். பின்னில் பச்சைக் களிம்பு! பொழியூர் கடற்காற்றும் ஆடி மழையும் சேர்ந்து செய்த வேலை. ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் நன்றாக ஓடியது புதுப் பாகத்தால் இல்லை. கழற்றி மாட்டும்போது களிம்பு கொஞ்சம் உரசிப்போனதால்தான்.

இதற்கிடையில் ஊர் முழுக்க எத்தனால் ஆராய்ச்சி வேறு. 20 சதவீத எத்தனால் பெட்ரோல்தான் காரணமாம். அய்யா, 3 சிலிண்டரும் குடிப்பது ஒரே பெட்ரோல், இரண்டாவது மட்டும் ஏன் விக்குகிறது? இன்னொரு கோஷ்டி, களியக்காவிளை தாண்டிப் போனால் தமிழ்நாட்டு மெக்கானிக் சரிபண்ணுவான் என்றது. 1956-ல் போட்ட எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எஞ்சின் ஒரே மாதிரிதான் ஓடுகிறது சாமி.

மெக்கானிக்கை மட்டும் திட்டிவிட்டுப் போகலாம், சுலபம். ஆனால் நாம் எதற்குக் காசு கொடுக்கிறோம்? பாகத்துக்குக் கொடுப்போம். ஒரு மணி நேரம் தேடிப் பார்த்ததற்குக் கூலி கேட்டால், "பாத்ததுக்கா காசு?" என்போம். அப்போது அவர் எதை விற்பார்? அதோடு, தூரத்தில் இருக்கிற குற்ற உணர்ச்சியை ரூபாயாக மாற்றி அனுப்பும் நம்மைப் போன்ற ஆள் கிடைத்தால்?

அடுத்த முறை அப்பா போன் செய்தால் எவ்வளவு என்று கேட்காதீர்கள். என்ன கோடு, இடம் மாற்றிப் பார்த்தார்களா, கனெக்டரைக் கழற்றிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். எஞ்சின் விளக்கு மின்னி மின்னி எரிந்தால் ஓட்டவே வேண்டாம் என்று சொல்லுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் வைத்த சாமான். விலை கேட்டால் நமக்கு மிஸ்ஸிங் அடிக்கும்.

கிளம்பும் முன் ஊரிலுள்ள ஒரு வயதான ஆசானைக் கூப்பிட்டு, மற்ற கனெக்டர்களையும் பார்க்கச் சொன்னேன். எல்லாம் சரி என்றார். 500 ரூபாய் கொடுத்தேன். வாங்கமாட்டேன் என்று பின்வாங்கினார்.

"ஒண்ணும் மாத்தலியே, பின்ன எதுக்கு மக்களே காசு?" என்றார் அப்பா.