பாதம் பயிலும் மருமகளும் வீட்டு அடுப்பும்



"சுவாமி, கால் நகம் வெட்டுவதற்கு ஏழு ஆண்டுப் படிப்பு எதற்கு? அலுவலகத்திலிருந்து களைத்து வரும் என் மகன் சோறு வடிக்கிறான். மூன்று வயதுப் பேரன் ரொட்டியைத் தின்று வளர்கிறான். படிப்பை நிறுத்திவிடும்படி என் மருமகளுக்கு நீங்கள் ஒரு வார்த்தை எழுதலாகாதா?"

அமெரிக்காவில் மகனை வைத்திருக்கும் ஒரு தாயார் இவ்வாறு கேட்டுள்ளார். பெயரும் ஊரும் நமக்கு வேண்டா. படிக்கும் மருமகளை உடைய வேறு பல வீடுகளிலும் இக்கேள்வி வாய்விட்டுக் கேட்கப்படாமலே புகைந்துகொண்டிருக்கிறது. ஆதலின் இங்கேயே விடை கூறுகிறேன்.

முதலில் அந்தப் படிப்பைப் பற்றி. பாத மருத்துவம் அந்நாட்டில் தனியொரு தொழிற்கல்வி. ஆங்கிலத்தில் பொடியாட்ரி என்பர். அதற்கான பள்ளி நியூயார்க்கில் 1911-ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. டொமினிக்கன் கன்னியர் நிறுவிய பேரி பல்கலைக்கழகமும் ஃபுளோரிடாவில் 1985 முதல் இக்கல்வியை அளித்து வருகிறது. பெரும்பாலும் பட்டப் படிப்பை முடித்தவரே இதில் சேர்வர். முதல் இரண்டு ஆண்டுகள் உடற்கூறு, உயிர்வேதியியல், மருந்தியல் எனப் பாடங்கள் மலைபோல் குவியும். அவற்றின் முடிவில் நாடு தழுவிய உரிமத் தேர்வின் முதற்பகுதி காத்திருக்கும். மூன்றாம் ஆண்டு நோயாளிகளிடையே கழியும். நான்காம் ஆண்டில் மாதத்திற்கு ஓர் ஊராக மருத்துவமனை தேடிச் செல்ல நேரும். அதன்பின் மூன்று ஆண்டுகள் மருத்துவமனைப் பயிற்சி: அறுவை சிகிச்சை, இரவு அழைப்பு எல்லாம் அதில் அடங்கும். நகம் வெட்டுவதும் உண்டுதான், நான் மறைக்கவில்லை. உணர்ச்சியற்ற பாதத்தில் தடித்து வளைந்த நகத்தை வெட்டுவது எளிதன்று. சிறு கீறலும் அங்கே பெரும் புண்ணாகலாம்.

ஒரு பாதத்தில் எலும்புகள் மட்டும் 26. இரு பாதங்களிலும் சேர்த்தால் நம் உடலெலும்புகளில் ஏறத்தாழக் கால் பங்கு! இதை எளிய கல்வியென்று எண்ணுவோர் டாக்டர் பால் பிராண்டை நினைத்துப் பார்க்கட்டும். 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்து, 1946 முதல் வேலூரில் தொழுநோயாளரிடையே உழைத்தவர் அவர். விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை. வலி தெரியாமையால் நோயாளி தன்னையறியாமல் காயப்படுத்திக் கொள்கிறார் என்பதை விளக்கிக் காட்டினார். 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே 1896 முதல் பிறரன்புப் புதல்வியர் சபைக் கன்னியர் பணிபுரிந்து வந்தனர். தொழுநோயில் அவர் கண்ட உண்மை நீரிழிவுப் பாதத்திற்கும் அப்படியே பொருந்திற்று. நம் நாட்டில் நீரிழிவு நோயாளர் 10 கோடிக்கு மேல் என்று 2023-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அம்மையாரின் மருமகள் கற்பது ஒருவர் தம் காலை இழக்காமல் காக்கும் வித்தை.

இனி அடுப்படிக்கு வருவோம். மகன் சோறு வடிப்பது அத்தாயாருக்கு வேதனையாயிருக்கிறது. கலியாணப் பந்திக்கு அண்டா வைத்துச் சமைப்பவர் பெரும்பாலும் ஆண்மக்கள்தாமே. அவரை யாரும் இகழ்ந்ததில்லை. சொந்தப் பிள்ளைக்கு உலை வைத்தால் மட்டும் இழிவு வந்துவிடுமா? அவன் வடிப்பதோடு நில்லாமல் குழம்பும் வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் எண்ணம்.

ஆனால் இளந்தம்பதியருக்கும் சொல்ல வேண்டியது உண்டு. ரொட்டியையே நாள்தோறும் கொடுப்பது சோம்பலுக்கு மற்றொரு பெயர். தேர்வு வாரத்திலும் சாதாரண வாரத்திலும் ஒரே மாதிரி சமைக்க இயலாது. அதை முன்னரே பேசித் தீர்மானிக்க வேண்டும். ஞாயிறு பூசை முடிந்த பிற்பகலில் இருவரும் சேர்ந்து இரண்டு மணி நேரம் அடுப்படியில் நின்றால் வாரத்தின் பாதிச் சுமை இறங்கும். குக்கரில் வேகவைத்த பருப்பைச் சிறு டப்பாக்களில் உறையவைக்கலாம். புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் இருந்தால் நள்ளிரவில் வரும் மாணவிக்கும் சோறு உண்டு. இட்லி மாவு குளிர்நாட்டில் பொங்குவதில்லை என்று குறைபடுவர். அடுப்பைப் பற்றவைக்காமல் அவன் பெட்டியின் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே இரவு முழுதும் வைத்தால் பொங்கிவிடும். சோற்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். வேகவைத்தும் சாகாத ஒருவகை நுண்ணுயிர் வித்து அரிசியில் உண்டு. வெளியே கிடந்த சோற்றில் அது பெருகி நஞ்சை உண்டாக்கினால் மறுபடி சூடாக்கினாலும் அந்நஞ்சு போகாது. ஆகவே இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பெட்டியில் வைத்து, மூன்று நான்கு நாட்களுக்குள் உண்டு தீர்க்க வேண்டும்.

பேரனுக்கு மூன்று வயது என்கிறார். பட்டாணி உரிக்க அந்த வயது போதும். பாதி வாய்க்குள் போனாலும் குற்றமில்லை. குளிப்பாட்டித் துடைக்கையில் அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு தாய் தன் பாடத்தின் எலும்புப் பெயர்களைச் சொல்லிப் பார்க்கலாம். அந்தச் சிறு பாதத்தில் எலும்புகள் பல இன்னும் குருத்தெலும்பு நிலையிலிருந்து முற்ற மாறியிரா. அதுவும் அவளுக்கு ஒரு பாடமே. இரவு உணவில் ஒருவேளையாவது புத்தகமும் கைப்பேசியும் மேசையை விட்டு எழுந்து போகட்டும்.

மாமியாராகிய அம்மையாருக்கு ஒரு வேண்டுகோள். அங்கே சென்று சில மாதம் தங்க எண்ணுவதாக எழுதியுள்ளீர்கள். தேர்வுக் காலத்திற்கு முன்னர்ச் செல்லுங்கள். மேற்பார்வை செய்யச் செல்வதானால் செல்ல வேண்டா. பருப்புப் பொடியும் ஊறுகாயும் கொண்டு போங்கள். உணவுப் பொருள் இருப்பதை அங்குள்ள சுங்க அதிகாரியிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இறைச்சியும் பச்சைக் காய்கனிகளும் பெட்டியில் வேண்டா.

கடிதத்தின் கடைசி வரியில் பன்னிரண்டு ஆண்டுகளாக உங்களுக்கு நீரிழிவு உண்டென்றும், தேர்ப்பவனியில் வெறுங்காலுடன் நடந்தும் கொப்புளம் வந்தது தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கொப்புளம் தெரியாமல் போனதே கவலைக்குரியது. நம்மூர் மருத்துவரிடம் இந்த வாரமே அந்தக் காலைக் காட்டுங்கள். வீட்டிற்குள்ளும் செருப்பணியுங்கள், போடுமுன் உள்ளே கல் கிடக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். இரவில் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். பார்த்ததை அடுத்த முறை தொலைபேசியில் மகனிடம் சொல்ல வேண்டா. மருமகளைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.