ஞாயிற்றுக்கிழமை ஒரு மேசை போடுங்கள்

திருப்பூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்



இலவச வழக்கறிஞர் யாருக்கெல்லாம் உண்டு என்பதை 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 12ஆவது பிரிவில் சொல்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் என்று போகிற அந்த வரிசையில் தொழிற்சாலைத் தொழிலாளியும் இருக்கிறார். இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. அப்படியானால், காலை எட்டரைக்கு டிபன் பாக்ஸோடு பனியன் கம்பெனிக்குள் நுழைகிற கூட்டத்தில் உங்கள் கட்சிக்காரர் ஆக முடியாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஓவர்லாக் டெய்லர், செக்கிங் அம்மணி, அயர்ன் மாஸ்டர், சாயப்பட்டறையில் ஈரக்காலோடு நிற்கிறவர் எல்லோரும் உங்கள் ஆட்கள். அது அவர்களுக்குத் தெரியாது.

தெரிந்தாலும் எப்போது வருவார்கள்? இங்கே வேலைக் கணக்கு ஷிப்ட்டில். ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை. ஏற்றுமதி ஆர்டர் நெருக்கினால் அதற்கு மேலும் ஓடும். நீதிமன்ற வளாகம் திறந்து, இயங்கி, மூடுகிற நேரம் முழுவதும் அவர் மெஷினில் உட்கார்ந்திருக்கிறார். பீஸ் ரேட் ஆளுக்கு அரை நாள் விடுப்பு என்பது அரை நாள் கூலி. வராத கூலியைக் கேட்பதற்கு, வருகிற கூலியை யார் விடுவார்கள்?

இந்த மடல் எழுதக் காரணம் சனிக்கிழமை ராத்திரிகள். பவர் டேபிள் கான்ட்ராக்டர் ஒருவர் இருபது டெய்லர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு கம்பெனியில் இறங்குகிறார். ஸ்டைல் முடிகிறது. டேமேஜ் பிடித்தம், ரேட் தகராறு என்று கம்பெனிக்கும் அவருக்கும் முட்டிக்கொள்கிறது. சனிக்கிழமை சம்பள நேரத்தில் கான்ட்ராக்டரின் போன் அணைந்திருக்கிறது. திங்கட்கிழமை கேட்டுக்குப் போனால், "உங்க பேரே எங்க ரிஜிஸ்டர்ல இல்லீங்களே, உங்களைக் கூட்டிட்டு வந்தவரைக் கேளுங்க" என்று மரியாதையாகவே பதில் வரும். அந்த இருபது பேரும் வேறு கம்பெனி பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த வாரக் கூலி போனது போனதுதான்.

சட்டம் இப்படிச் சொல்லவில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்று ஊதியத் தொகுப்பு. அதன்படி, வாரக்கூலியை வார விடுமுறைக்கு முந்தைய வேலை நாளிலேயே கொடுத்துவிட வேண்டும். வேலையை விட்டு நின்றாலும் நீக்கினாலும் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். கொடுக்க வேண்டியவர் கொடுக்காவிட்டால், வேலை நடந்த நிறுவனத்தின் உரிமையாளர் பொறுப்பு. பாக்கியைக் கேட்க மூன்று வருடம் அவகாசம் இருக்கிறது. இதையெல்லாம் விடப் பெரியது 59ஆவது பிரிவு: கூலி வரவில்லை என்று ஒருவர் மனுப் போட்டால், கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பாரம் முதலாளி மேல் விழுகிறது.

இந்தத் தொகுப்புகளைப் பல தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன. ஆலையை மூட அரசின் அனுமதி கேட்க வேண்டிய வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300க்குப் போனது உள்பட, எதிர்ப்புக்கு நியாயமான காரணங்கள் உண்டு. அந்த விவாதம் நடக்கட்டும். நடைமுறையில் இருக்கிற சட்டத்தின் நல்ல பகுதியாவது தொழிலாளியின் காதுக்குப் போக வேண்டாமா? தொகுப்பு வந்த செய்தியை ஏற்றுமதியாளருக்கு அவருடைய ஆடிட்டர் சொல்லிவிடுவார். டெய்லருக்கு ஆடிட்டர் இல்லை.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. கூலி கொடுத்ததை முதலாளி நிரூபிக்கலாம். 'இந்த ஆள் இங்கே வேலை பார்த்தார்' என்ற முதல் படியைத் தொழிலாளிதான் ஏற வேண்டும். 2002இல் கர்நாடக வனத்துறை வழக்கு ஒன்றில், வருடத்தில் 240 நாள் வேலை பார்த்ததைத் தொழிலாளியே நிரூபிக்க வேண்டும், அவர் தரும் பிரமாணப் பத்திரம் மட்டும் போதாது என்றது உச்ச நீதிமன்றம். 2005இல் அதே நீதிமன்றம் கொஞ்சம் இறங்கி வந்தது. தினக்கூலிக்கு நியமனக் கடிதமோ ரசீதோ கொடுப்பதில்லை என்பதை ஒப்புக்கொண்டு, அவர் கூண்டேறிச் சாட்சி சொல்லி, மஸ்டர் ரோலையும் சம்பளப் பதிவேட்டையும் கொண்டுவரச் சொல்லி நிறுவனத்தைக் கேட்கலாம் என்றது. எந்த வழியில் போனாலும், கையில் ஏதோ ஒரு துண்டுக் காகிதம் இருக்கிறவருக்கும் இல்லாதவருக்கும் மலையளவு வித்தியாசம்.

அந்தத் துண்டு நம் டெய்லர்களிடம் இருக்கத்தான் செய்கிறது. சட்டைப் பையில் மடங்கிக் கிடக்கும் பாக்கெட் நோட்டைப் பார்த்தால் தெரியும். தேதி, ஸ்டைல் நம்பர், சைஸ், எத்தனை பீஸ், என்ன ரேட், நடுவில் வாங்கிய அட்வான்ஸ் எல்லாம் பென்சிலில் இருக்கும். கான்ட்ராக்டரோடு கணக்குப் பார்க்க எழுதுவது அது. கணக்கு முடிந்ததும் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். அதே பக்கத்தில் வாரம் ஒருமுறை லைன் சூப்பர்வைசரிடம் ஒரு கையெழுத்து வாங்கி, கம்பெனி பெயரையும் எழுதி வைத்திருந்தால் அது சாட்சியாகப் பேசும். ஜிபேயில் வந்த அட்வான்ஸும், "நாளைக்கு நைட் இருக்கு, எல்லாரும் வந்துருங்க" என்ற வாட்ஸ்அப் குரல் பதிவும் அப்படித்தான். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டம், உரிய சான்றிதழோடு கொடுத்தால் மின்னணுப் பதிவை ஏற்கிறது. போனை மாற்றுவதற்கு முன் அதைச் சேமித்து வை என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஈ.எஸ்.ஐ. எண்ணும் பி.எஃப்.பின் 12 இலக்க எண்ணும் இருக்கிறதா, பிடித்த பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று போனிலேயே பார்த்துக் காட்ட வேண்டும். பிடித்தம் நடந்து பணம் கட்டாமல் விட்டது தெரிகிற நாள், பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளாக இருக்கிறது.

புதிய தொழிலாளர் தொகுப்புகளின்படி நியமனக் கடிதம் கட்டாயம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் ஒவ்வொருவருக்கும் எழுத்தில் தர வேண்டும். தமிழ், இந்தி, ஒடியா, வங்காளம் ஆகிய மொழிகளில் ஒரே பக்கத்தில் ஒரு மாதிரிக் கடிதத்தை நீங்கள் அச்சிட்டுத் தந்தால், "எங்களுக்கு ஃபார்மட் தெரியாதுங்க" என்கிற சின்ன கம்பெனிக்காரருக்கும் சாக்கு இருக்காது.

சட்டம் தெரியாத ஊர் இல்லை இது. 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடத்திய ஊர். முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசிக் கூலி ஒப்பந்தம் போடுகிற பழக்கம் இங்கே இன்றும் இருக்கிறது. அந்த நாளில் உரிமையைச் சொல்லிக் கொடுத்தது சங்க அலுவலகமும் டீக்கடையும். இன்று பக்கத்து மெஷினில் இருப்பவர் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர். டீக்கடைப் பேச்சு அவருக்கு எட்டாது. 2023 மார்ச்சில், வடமாநிலத்தவரைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்ற பொய் வீடியோக்கள் அவர்கள் மொழியில், அவர்கள் போனுக்கே வந்து சேர்ந்தன. பீகார் அரசு ஆய்வுக்குழுவே அனுப்ப வேண்டியதாயிற்று. வதந்தி சரளமாக இந்தி பேசுகிறது. சட்டமும் கொஞ்சம் பேசலாம்.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மூன்று வருடம் மில்லில் இருந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசை காட்டிய சுமங்கலித் திட்டத்தின் கதை இந்த வட்டாரத்துக்குத் தெரியும். 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில், திருப்பூர் ஏற்றுமதிக் குழுமம் ஒன்றின் ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார், மேற்பார்வையாளர் கைதானார். அதற்குப் பிறகு, பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கமும் நிறுவனமும் வெளிநாட்டு பிராண்டுகளும் 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தம் போட்டன. அதில் என் கண்ணுக்குப் படுகிற ஒரு விஷயம்: பாலியல் தொல்லையைக் கவனித்து எடுத்துச் சொல்ல, தையல் வரிசையிலிருந்தே தொழிலாளிகளைப் பயிற்றுவித்து வைத்தார்கள். புகார் கொடுக்க மாடி ஏறி ஹெச்.ஆர். அறைக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் சட்டத் தன்னார்வலர்களையும் இப்படிப் பனியன் கம்பெனி வரிசைகளிலிருந்து எடுங்கள். பத்துப் பேருக்குக் குறைவாக உள்ள யூனிட்டில் உள் புகார்க் குழு இருக்காது. அங்கே உள்ள பெண், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் போக வேண்டும் என்பதைச் சொல்ல வேறு யாரும் இல்லை.

சிறு முதலாளியையும் மறந்துவிடக் கூடாது. நிட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி ஜாப் ஒர்க் செய்கிறவர் பில் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. இத்தனை பலமான சட்டத்தை அவர் ஏன் தொடுவதில்லை? புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது. இந்தப் பயம் நியாயமானது; விழிப்புணர்வு நோட்டீஸால் போகாது. இதற்கு உங்கள் மக்கள் நீதிமன்றம் ஏற்ற இடம். இரு தரப்பும் பேசி முடித்தால் கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும், மேல்முறையீடு இல்லை, உறவும் முறியாது. செக் திரும்பினால் 30 நாளில் நோட்டீஸ், பிறகு 15 நாள் அவகாசம், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு என்ற கெடுவை மட்டும் யாராவது அவர் பட்டறைச் சுவரில் ஒட்டி வையுங்கள். "குடுத்துருவாருங்க, தெரிஞ்சவருதான்" என்று இருந்தே பல செக்குகள் காலாவதியாகின்றன.

வீட்டு விஷயம் சுருக்கமாக. லைன் வீட்டில் வாடகை பாக்கி என்று தண்ணீரையும் கரண்ட்டையும் நிறுத்துவதை 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் தடுக்கிறது. வேறு விதமாகப் பேசி ஒப்புக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதிய வேண்டும் என்கிறது அதே சட்டம். இங்கேயும் காகிதம்தான்.

எங்கள் கோரிக்கை சின்னது. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து முதல் மதியம் இரண்டு வரை, காதர்பேட்டையிலோ பழைய பேருந்து நிலையத்திலோ ஒரு மேசை. சந்தைக்கும் சினிமாவுக்கும் வருகிற கூட்டம் அப்போது அங்கேதான் இருக்கும். ஒரு பேனல் வழக்கறிஞர், இந்தியும் ஒடியாவும் தெரிந்த ஒரு தன்னார்வலர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். 15100 என்ற உதவி எண் எல்லா மொழியிலும் பெரிதாக எழுதிய ஒரு பலகை. காதர்பேட்டை என்றால் கடைப் பையன்களும் வருவார்கள். வேலை நேரத்தில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் செய்ததை அவர்களில் பலர் நின்றுகொண்டே கேட்பார்கள்.

வருகிறவர் நோட்டின் நகலை எடுத்து, தேதி போட்டு, மனு எண்ணோடு ஒரு ரசீது கொடுத்து அனுப்புங்கள். ஆள் நேரில் போகாமல் தொழிலாளர் துறைக்கு மனுவை நீங்களே அனுப்பிவைக்க வழி செய்யுங்கள். முடியும் என்றால் எந்த ஞாயிறு முதல் என்றும், முடியாது என்றால் என்ன தடை என்றும் எழுதி அனுப்புங்கள். உங்கள் பதிலை இதே பக்கத்தில், இந்தி மொழிபெயர்ப்போடு வெளியிடுகிறோம்.

இப்படிக்கு,
ஆசிரியர்