அஷ்ரப் விட்டுச்சென்ற ஐந்து வீதம்

மறைந்த அரசியல் தலைவர்களின் நினைவுக் கூட்டங்களில் அவர்களது பேச்சாற்றல் போற்றப்படும் அளவுக்கு, அவர்கள் கொண்டுவரச் செய்த சட்டங்கள் பேசப்படுவதில்லை. 2000 செப்டெம்பர் 16ஆம் திகதி அரநாயக்கவில் நிகழ்ந்த ஹெலிகொப்டர் விபத்தில் உயிரிழந்த ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸின் ஸ்தாபகத் தலைவர் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரபும் இதற்கு விதிவிலக்கல்லர்.

1948இல் சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்த அவர் தொழிலால் சட்டத்தரணி. 1977 பொதுத் தேர்தலின்போது தமிழர் விடுதலைக் கூட்டணியின் மேடைகளில் முழங்கியவர். தமிழ், முஸ்லிம் மக்கள் ஒரே அணியில் நிற்கலாம் என்ற அந்த நம்பிக்கை அடுத்த பத்தாண்டுகளில் தகர்ந்தது. 1981இல் காத்தான்குடியில் உதயமான முஸ்லிம் காங்கிரஸ் 1986இல் தேசிய அரசியல் கட்சியாக உருமாறியது. 1987இல் கிழக்கு முஸ்லிம்களைக் கலந்தாலோசிக்காமலே இந்திய - இலங்கை உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டு வடக்கும் கிழக்கும் இணைக்கப்பட்டமை அக்கட்சியின் தேவையை மேலும் உணர்த்தியது. 1988 வடகிழக்கு மாகாண சபைத் தேர்தலில் 71 ஆசனங்களில் 17ஐ அது கைப்பற்றியது.

ஆயினும் அஷ்ரபின் மிகப் பெரிய சாதனை, அவர் பாராளுமன்றத்தில் காலடி வைப்பதற்கு முன்னரே நிகழ்ந்ததாகும். 1978 அரசியலமைப்பின்படி, ஒரு தேர்தல் மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 வீத வாக்குகளைப் பெறாத கட்சிக்கு அம்மாவட்டத்தில் ஆசனமில்லை. சிதறி வாழும் சிறுபான்மையினருக்கு இது மூடிய கதவாகவே இருந்தது. 1988 ஜனாதிபதித் தேர்தலில் ஆதரவு நாடிய ஆர். பிரேமதாசவிடம் இவ்வெல்லையைக் குறைக்குமாறு அஷ்ரப் நிபந்தனை விதித்தார். அவ்வாண்டு டிசம்பரில் நிறைவேறிய 15ஆவது திருத்தம் அதனை 5 வீதமாக்கியது. 1989இல் முதன்முறையாக விகிதாசார முறையில் நடந்த பொதுத் தேர்தலிலிருந்து இன்றுவரை இதுவே நடைமுறையிலுள்ளது.

1994இல் 105 ஆசனங்களைப் பெற்ற பொதுஜன ஐக்கிய முன்னணி ஆட்சியமைக்க, முஸ்லிம் காங்கிரஸின் 7 ஆசனங்களும் மலையகத்தில் சுயேச்சையாக வென்ற பெ. சந்திரசேகரனின் ஓர் ஆசனமும் தேவைப்பட்டன. கப்பற்துறை, துறைமுகங்கள், புனர்வாழ்வு ஆகியவற்றுக்குப் பொறுப்பான அமைச்சராக அஷ்ரப் கவனம் செலுத்தியவற்றுள், தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இன்று மூவின மாணவரும் பயிலும் கல்விக்கூடமாகத் தழைத்துள்ளது. அவர் கனவுகண்ட ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டபோதிலும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. மாறாக, கடலரிப்பே அயற்கிராமங்களுக்குச் சுமையாயிற்று.

தென்கிழக்கு அலகுக் கோரிக்கையும் நிறைவேறவில்லை. தமிழர் தரப்பில் பலர் அதனைத் தாயகத்தைத் துண்டாடும் முயற்சியாகக் கண்டனர். 1990இன் காத்தான்குடிப் படுகொலையும் வடக்கிலிருந்தான வெளியேற்றமும் முஸ்லிம்களிடம் விதைத்த அச்சத்தை அவர்கள் போதியளவு உணர்ந்தனரா என்பது கேள்விக்குரியது. கிழக்கில் முஸ்லிம் ஆதிக்கம் பற்றித் தமிழருக்கிருந்த அச்சத்தை முஸ்லிம் தலைமையும் முற்றாக நீக்கவில்லை. 2007இல் மாகாணங்கள் பிரிக்கப்பட்ட பின்னரும் கல்முனை நிர்வாகப் பிணக்கு அந்த அவநம்பிக்கையின் எச்சமாகவே நீடித்து வந்துள்ளது.

ஆனால், இந்த 5 வீத ஏற்பாட்டில் இரு சமூகங்களுக்கும் முரண்பாடில்லை. முஸ்லிம் கட்சிகள் மட்டுமன்றித் தமிழ், மலையகக் கட்சிகளும் அதன் பயனை அனுபவித்துள்ளன. ஏன், இன்றைய ஆளுந்தரப்புக்கும் அது கைகொடுத்தது. 2020இல் தேசிய மக்கள் சக்தி கொழும்பிலும் கம்பஹாவிலும் தலா ஓர் ஆசனத்தை வென்றபோது, இரு மாவட்டங்களிலும் அதன் வாக்குகள் 12.5 வீதத்துக்கு வெகு கீழேயே இருந்தன. பழைய விதி நீடித்திருந்தால் அவ்விரு ஆசனங்களும் கிட்டியிரா. 2024இல் 159 ஆசனங்களுடன் ஆட்சிபீடமேறிய தரப்பு இதனை மறந்துவிடலாகாது.

உறுதியான அரசாங்கம் வேண்டும் என்ற பெயரில் இவ்வெல்லையை மீண்டும் உயர்த்தும் யோசனைகள் காலத்துக்குக் காலம் எழுகின்றன. தேர்தல் முறை மாற்றம் பற்றிப் பேசப்படும்போது தமிழ், முஸ்லிம், மலையகக் கட்சிகள் தனித்தனியே பேரம்பேசப் புறப்படுமானால் இழப்பு அனைவருக்குமே. எல்லைப் பிணக்குகளை ஒருபுறம் வைத்து, இந்த ஒரு விடயத்திலேனும் அவை ஒரே குரலில் பேசுமா? அஷ்ரபுக்குச் செலுத்தக்கூடிய அர்த்தமுள்ள அஞ்சலி அதுவேயாகும்.