லைனை நிறுத்தும் உரிமை

1924-இல் சகிச்சி டொயோடா உருவாக்கிய தானியங்கித் தறியில் பாவு இழை ஒன்று அறுந்தாலே போதும், தறி தானாக நின்றுவிடும். இழையில் தொங்கும் மெல்லிய தகடு கீழே விழுந்து ஓட்டத்தைத் தடுக்கும். பழுதான துணி மேற்கொண்டு நெய்யப்படாது. விரயத்தைக் குறைக்கும் ‘லீன்’ உற்பத்தி முறையின் வேர் இங்கேதான் இருக்கிறது. கையிருப்பைக் குறைப்பதெல்லாம் பின்னால் வந்தது.

சகிச்சியின் மகன் கிச்சிரோ தொடங்கிய டொயோடா மோட்டார் 1950-இல் திவாலாகும் நிலைக்குப் போனது. ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம், கிச்சிரோவின் பதவி விலகல். அந்தக் கசப்புக்குப் பிறகுதான் வேலை நிலைக்கும் என்ற நம்பிக்கை அங்கே படிப்படியாக உருவானது. டொயோடாவின் பொறியாளர் டாயிச்சி ஓனோவின் உற்பத்தி முறை வளர்ந்ததும் அந்த நம்பிக்கையின் மீதுதான். தேவைக்கு மேல் செய்து குவிப்பதையே விரயங்களில் மோசமானதாக அவர் கருதினார். குவியலுக்கு அடியில் பழுதான பாகங்கள் ஒளிந்துகொள்ளும். அடுத்த பிரிவிலிருந்து கான்பான் அட்டை வந்தால்தான் முந்தைய பிரிவு பாகம் செய்யும்.

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் மூடிய ஆலை, டொயோடாவின் கூட்டில் 1984-இல் ‘நம்மி’ என்ற பெயரில் மறுபடி ஓடியது. சரியாக வேலைக்கு வராதவர்கள், சண்டைக்காரர்கள் என்று பேரெடுத்த அதே தொழிலாளர்களில் பெரும்பாலோர் திரும்ப எடுக்கப்பட்டார்கள். தலைக்கு மேல் ஒரு கயிறு தொங்கியது. பழுதைக் கண்டவர் அதை இழுத்ததும் விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடி வருவார். குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் லைன் நிற்கும். சீக்கிரமே அவர்கள் செய்த கார்கள் ஜப்பானில் செய்த கார்களின் தரத்தை நெருங்கின. 1988 வாக்கில் விற்பனை சரிந்தபோதும் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. மிஞ்சிய நேரம் பயிற்சிக்குப் போனது. இந்த முறையைப் பின்பற்றியவர்களில் பலர் கோட்டைவிட்டது இதைத்தான். கையிருப்பைக் குறைத்தார்கள், கூடவே ஆட்களையும் குறைத்தார்கள்.

சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டன் 1998-இல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியாவுக்கு அதுதான் முதல். நம்மாலும் முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ஆனால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டார ஆலைகளில் இன்று ஏராளமானோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். லைனை நிறுத்தினால் அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாதவர், பழுதைப் பார்த்தும் பாராததுபோல் விட்டுவிடக்கூடும். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தணிக்கைக்கு வருபவர்கள் கையிருப்பை எண்ணுவதோடு நிற்காமல், போன மாதம் லைன் எத்தனை முறை நிறுத்தப்பட்டது, நிறுத்தியவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் எத்தனை பேர், அவர்கள் இன்னும் வேலையில் இருக்கிறார்களா என்றும் கேட்க வேண்டும்.