கருவி பொதுவாகட்டும்!

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணினி அறிவியல்

விளையாட்டு என்றாலே வீண்பொழுது என்று முகம் சுளிப்போர் நம்மிடையே பலர் உண்டு. கணினி விளையாட்டு என்றாலோ சொல்லவே வேண்டாம்! ஆனால், ஆடுவதோடு நில்லாமல் அந்த விளையாட்டின் உள்ளே புகுந்து, ஓவியத்தை மாற்றி, கதையை நீட்டி, புதிய இடங்களைப் படைத்துப் பார்க்கும் இளைஞனை விளையாட்டுப் பிள்ளை என்று ஒதுக்கிவிட முடியுமா? நிரல் எழுதும் கலையின் அரிச்சுவடியை அவன் அங்கேயன்றோ படிக்கிறான்?

இவ்வாறு ரசிகர்கள் தாமே படைத்துச் சேர்க்கும் மாற்றங்களுக்கு 'மாட்' என்று பெயர். 1993இல் வெளிவந்த 'டூம்' என்னும் விளையாட்டு இதற்குக் கதவை அகலத் திறந்துவிட்டது. நிரல் ஒரு புறம். இடங்களும் ஓவியங்களும் ஒலிகளும் 'வாட்' என்னும் தனிக் கோப்பில் மறு புறம் என அதைப் படைத்தோர் பிரித்து வைத்தனர். ஆகவே மூல நிரலைத் தொடாமலே எவரும் புதியன சேர்க்க முடிந்தது. 'ஹாஃப் லைஃப்' விளையாட்டின் மீது இருவர் 1999இல் உருவாக்கிய 'கவுன்ட்டர் ஸ்ட்ரைக்' என்னும் மாட், மறு ஆண்டே தனி விளையாட்டாக விற்பனைக்கு வந்தது. ரசிகர் படைப்பாளர் ஆனார்!

படைப்பது பாதி வேலை. படைத்ததை இன்னொருவர் கணினியில் பிழையின்றிப் பொருத்துவது மறு பாதி. இந்த மறு பாதியைச் செய்யும் கருவிகளைப் பற்றித்தான் நான் பேச விழைகிறேன்.

கருவியின் கடமை

விளையாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று கருவி கண்டுபிடிக்க வேண்டும். இறக்கிய கோப்பை விரித்து உரிய கோப்புறையில் சேர்க்க வேண்டும். இரண்டு மாட்கள் ஒரே கோப்பை மாற்ற முனைந்தால் எதற்கு முதலிடம் என்று தீர்க்க வேண்டும். வேண்டாம் என்றதும் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஒன்றிரண்டு என்றால் கையாலேயே செய்துவிடலாம். 2011இல் வந்த 'ஸ்கைரிம்' போன்ற விளையாட்டுக்கு நூற்றுக்கணக்கில் சேர்ப்போர் உண்டு. அங்கே கருவி இல்லாமல் ஓரடியும் எடுத்து வைக்க இயலாது.

இத்தகைய கருவிகள் விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்று இயங்குதளங்களிலும் ஓடுமாறு முதல் நாளிலிருந்தே திட்டமிட்டு எழுதப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அந்தப் 'பிறகு' வருவதே இல்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என்னிடம் இருப்பது கைமாறி வந்த பழைய மடிக்கணினி. அதில் ஓடுவது லினக்ஸ். அது விலையின்றிக் கிடைக்கிறது. பழைய கணினியிலும் தளராமல் ஓடுகிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகளோ பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. புதுக் கணினி வாங்க வசதியற்றவர்களுக்கு லினக்ஸ் நல்லதொரு புகலிடம். கருவி விண்டோஸுக்கு மட்டும் என்றால், வாசற்படியிலேயே நின்றுவிடுவோர் யார் என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ?

வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லை. ஆங்கிலத்தில் உண்டு. ஒரு கோப்புறையின் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கினாலும் சிறிய எழுத்தில் தொடங்கினாலும் விண்டோஸ் வழக்கமாக இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும். லினக்ஸோ இரண்டையும் வெவ்வேறு கோப்புறைகளாகக் கொள்ளும். விண்டோஸில் இருந்து ஒருவர் படைத்த மாட் லினக்ஸில் விரிக்கப்படும்போது, ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் முளைக்கின்றன. விளையாட்டு ஒன்றைப் பார்க்கிறது. ஓவியங்கள் மற்றொன்றில் உறங்குகின்றன. ஓர் எழுத்தின் அளவு இத்தனை குழப்பம் செய்கிறது!

கோப்பின் முகவரியை எழுதுவதிலும் வேற்றுமை உண்டு. விண்டோஸ் இடப்பக்கம் சாய்ந்த கோட்டை இடும். மற்றவை வலப்பக்கம் சாய்ந்த கோட்டை இடும். அடுத்தது, விளையாட்டைத் தேடும் சிக்கல். விண்டோஸுக்கென எழுதிய நிரல்களை லினக்ஸில் ஓட்டும் 'வைன்' திட்டம் 1993இல் தொடங்கியது. அதன் அடிப்படையில் வால்வ் நிறுவனம் 2018இல் 'புரோட்டான்' என்பதை வெளியிட்டது. 2022இல் லினக்ஸில் இயங்கும் 'ஸ்டீம் டெக்' என்னும் கையடக்கக் கணினியையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்த ஏற்பாட்டில் விளையாட்டு தன்னை விண்டோஸில் இருப்பதாகவே எண்ணிக்கொள்கிறது. அதற்கென ஒரு போலி 'சி' வட்டும் உண்டு. வெளியே லினக்ஸில் நிற்கும் கருவி அந்தப் போலி வட்டின் உண்மையான இடத்தை அறிந்து உள்ளே செல்ல வேண்டும்.

'மாட் ஆர்கனைசர் 2' என்னும் கருவியை எண்ணிப் பாருங்கள். மாட்களை விளையாட்டின் கோப்புறையில் கொட்டாமல், அங்கே இருப்பதுபோல் விளையாட்டுக்குக் காட்டும் அருமையான உத்தி அதனுடையது. ஆனால் அவ்வுத்தி விண்டோஸின் கோப்பு அழைப்புகளை இடைமறித்துச் செய்யப்படுவது. விண்டோஸோடு பின்னிக் கிடப்பது. சிறந்த அறிவு ஒரே வீட்டுக்குள் அடைபட்டுவிட்டது.

வழிகாட்டும் முயற்சிகள்

முடியாத காரியத்தையா கேட்கிறேன்? இல்லை. 2016இல் வந்த 'ஸ்டார்டியூ வேலி' என்னும் உழவு விளையாட்டுக்கு 'ஸ்மாபி' என்றொரு மாட் ஏற்றும் கருவி உண்டு. மூன்று இயங்குதளங்களுக்கும் தனித்தனி நிறுவுக் கோப்புகளை ஒரே தொகுப்பில் அது தருகிறது. விளையாட்டின் மூலக் கோப்புகளைச் சிதைப்பதில்லை. பக்கத்தில் தன் கோப்புகளை வைத்துக்கொள்கிறது. முன்பு அந்த விளையாட்டு விண்டோஸில் ஓர் அடித்தளத்தின் மீதும் மற்றவற்றில் வேறோர் அடித்தளத்தின் மீதும் இயங்கியது. ஸ்மாபியோ, மாட்டை ஏற்றும் வேளையிலேயே அதன் நிரலை அந்தந்தத் தளத்துக்கு ஏற்பத் திருத்திக்கொண்டது. படைத்தவர் ஒருமுறை எழுதினார், எல்லோரும் பயன்படுத்தினர்.

2002இல் வெளிவந்த 'மாரோவிண்ட்' விளையாட்டுக்குப் புதிய இயக்க நிரலாகத் தன்னார்வலர்கள் எழுதிய 'ஓப்பன்எம்டபிள்யூ' மற்றொரு சான்று. அதில் எதையும் எதன்மேலும் நகலெடுக்க வேண்டியதில்லை. மாட்களின் கோப்புறைகளை ஓர் அமைப்புக் கோப்பில் வரிசையாக எழுதிவிட்டால் போதும். பின்னால் எழுதியது முன்னதை வெல்லும். ஒரு வரியை நீக்கினால் அந்த மாட் விலகிவிடும். எழுத்தின் அளவுச் சிக்கலையும் இயக்க நிரலே பார்த்துக்கொள்கிறது.

சிலர் கேட்கலாம்

"லினக்ஸில் விளையாடுவோர் சிலரே, அவர்களுக்காக ஏன் இத்தனை பாடு?" என்று கேட்போர் உண்டு. கருவி இல்லாததால் ஆள் வரவில்லை. ஆள் இல்லாததால் கருவி வரவில்லை. இந்தச் சுழலை யாரேனும் ஒருவர் உடைத்துத்தானே ஆக வேண்டும்?

"கருவி எழுதுவோர் ஊதியமின்றி உழைப்பவர்கள், அவர்கள்மேல் சுமை ஏற்றலாமா?" என்பது அடுத்த கேள்வி. இது நியாயமான கேள்வி. ஆகவேதான் முதல் நாளே திட்டமிடுக என்கிறேன். எந்த மாட் முதலில், எது பின்னர் என்று தீர்க்கும் அறிவுப் பகுதி எல்லாத் தளங்களுக்கும் பொது. விளையாட்டைத் தேடுவது, முகவரி எழுதுவது போன்ற சில பகுதிகளே தளத்துக்குத் தளம் மாறுபவை. இவ்விரண்டையும் இடையில் சுவர் வைத்துப் பிரித்துவிட்டால் சுமை பெரிதும் குறையும். திறந்த மூலத் திட்டங்களை மூன்று தளங்களிலும் செலவின்றிச் சோதிக்க 'கிட்ஹப்' போன்றவை இன்று இடம் தருகின்றன. பயன்படுத்துவோரும் வாளாவிருத்தல் கூடாது. பிழை கண்டால் முறையாக எழுதி அனுப்புவதும் ஒரு தொண்டே.

நாம் செய்யத்தக்கது

மாணவ நண்பர்களே! ஆண்டுதோறும் நூலக மேலாண்மை, வருகைப் பதிவேடு என்று அதே செய்முறைத் திட்டங்களை எத்தனை காலம் எழுதிக்கொண்டிருப்பது? மூன்று தளங்களிலும் ஓடும் ஒரு சிறிய மாட் நிறுவியை எழுதிப் பாருங்கள். கோப்பு முறைமையும், இயங்குதளத்தின் இயல்பும், தரவமைப்பும் பாடப் புத்தகத்திலிருந்து எழுந்து வந்து உங்களோடு பேசும். நானும் என் வகுப்புத் தோழர் ஒருவரும் பைத்தான் மொழியில் இம்முயற்சியைத் தொடங்கியிருக்கிறோம். அவரிடம் விண்டோஸ், என்னிடம் லினக்ஸ். இரண்டிலும் ஓடினால்தான் ஒரு வரியை ஏற்பது என்பது எங்கள் ஒப்பந்தம்.

ஸ்டார்டியூ வேலியில் மாட் வழியாகப் புதிய மொழிகளைச் சேர்க்க 2021இல் வழி பிறந்தது. நாளை நம்மில் ஒருவர் ஒரு விளையாட்டைத் தமிழில் தரலாம். அதைப் படிக்கும் உரிமை, விலையுயர்ந்த கணினி வைத்திருப்போர்க்கு மட்டும் உரியதாகலாமா? கருவி பொதுவாகட்டும், படைப்போர் கூட்டம் பெருகட்டும்!