கூண்டைத் திறந்தால் மட்டும் போதுமா?

கிளியை விரும்பாதவர் நம்மில் யார்? மதுரை மீனாட்சியம்மன் கையில் கிளி இருக்கிறது. திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கையிலும் கிளி இருக்கிறது. மழலை பேசும் குழந்தையைக் கிளிப்பிள்ளை என்று கொஞ்சுகிறோம். பாடத்தைப் புரிந்துகொள்ளாமல் ஒப்பிக்கும் மாணவியையும் "கிளிப்பிள்ளை போல" என்றுதான் கடிந்துகொள்கிறோம். இவ்வளவு பிரியம் வைத்துள்ள பறவையை நாம் எப்படி நடத்துகிறோம்? நாலடி உயரமும் இல்லாத ஒரு கம்பிக் கூண்டுக்குள் ஆயுள் முழுவதும் அடைத்து வைக்கிறோம். அதற்கு "கிளி வளர்ப்பு" என்று பெயரும் சூட்டுகிறோம். இது சரியா என்பதே என் கேள்வி. வீட்டில் கிளி வளர்க்கும் வழக்கம் நம் தலைமுறையோடு நின்றுவிட வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அது நிற்கும் விதத்தில் இரக்கம் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறேன்.

முதலில், வீட்டுக்கு வரும் கிளி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பச்சைக்கிளி குச்சிகளை அடுக்கிக் கூடு கட்டும் பறவையன்று. மரங்கொத்தியும் குக்குறுவானும் குடைந்துவிட்டுப் போன பொந்துகளையும், பட்டுப்போன தென்னை, பனை மரங்களில் உள்ள துளைகளையும் தேடிப் பிடித்துக் குடியேறும். அங்கே மூன்று முதல் ஐந்து முட்டைகள் வரை இடும். சுமார் மூன்று வாரங்கள் அடைகாக்கும். பொரித்த குஞ்சு வெளியே பறந்து வர ஆறேழு வாரங்கள் ஆகும். இறகு முளைக்காத அந்த நாட்களில்தான் குஞ்சு திருடுபவர் வருகிறார். கைக்கு எட்டாத பொந்தை வெட்டிப் பெரிதாக்குகிறார். சில வேளைகளில் கிளையையே தறித்துவிடுகிறார். எடுத்த குஞ்சுகள் அட்டைப் பெட்டிகளிலும் சாக்குப் பைகளிலும் நெருக்கியடித்துப் பயணம் செய்கின்றன. வழியில் பல இறந்துபோகின்றன. ஆக, நம் வீட்டுத் திண்ணையில் ஒரு கிளி "அக்கா" என்று கூப்பிடும்போது, அதனோடு பிறந்தவற்றின் சாவும், அடுத்த ஆண்டு வேறொரு ஜோடிக்குப் பயன்பட்டிருக்க வேண்டிய ஒரு பொந்தின் அழிவும் அதன் பின்னே இருக்கக்கூடும். பணம் கொடுத்து வாங்கும் நாம் இதைப் பார்ப்பதில்லை. பார்க்காததால் நமக்குப் பங்கில்லை என்று ஆகிவிடுமா?

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 1972-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1990-91-இல் இந்திய நாட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் தடை செய்யப்பட்டன. 2022-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் உள்ளது. அதைப் பிடித்தாலும், விற்றாலும், வாங்கினாலும், வீட்டில் வைத்திருந்தாலும் குற்றமே. 2015-இல் தில்லி உயர்நீதிமன்றம், பறவைகளுக்கு வானில் பறக்கும் உரிமை உண்டென்றும், அவற்றைக் கூண்டில் அடைக்க மனிதனுக்கு உரிமையில்லை என்றும் ஓர் உத்தரவில் கூறியது. நம் கோவையிலும் வீடுகளில் உள்ள கிளிகளை ஒப்படைக்கும்படி வனத்துறை 2025-இல் பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. பலருக்கு அப்போதுதான் இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரிய வந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். பல வீடுகளில் "லவ் பேர்ட்ஸ்" என்று வளர்க்கப்படும் சிறு பறவைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவை. அவை நம் காட்டிலிருந்து திருடப்பட்டவையல்ல. தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்தவை. மேற்சொன்ன தடை அவற்றுக்குப் பொருந்தாது. ஆனால் இடவசதியும் துணையும் நல்ல உணவும் அவற்றுக்கும் வேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

"நாங்கள் எங்கள் கிளியைப் பெற்ற பிள்ளையைப் போல வளர்க்கிறோம்" என்று பலர் சொல்வதுண்டு. அவர்களுடைய அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அன்பு இருந்தால் மட்டும் போதாது, அறிவும் வேண்டும். பச்சைக்கிளி நல்ல பராமரிப்பில் 20, 25 ஆண்டுகள், ஏன் 30 ஆண்டுகள் வரை கூட உயிர் வாழும். அதாவது, ஒன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி அடம்பிடித்து வாங்கிய கிளி, அவள் திருமணமாகிப் போன பிறகும் பிறந்த வீட்டில் இருக்கும். அதற்குத் தினமும் பழம், கீரை, காய், முளைகட்டிய பயறு எல்லாம் வேண்டும். நாமோ சூரியகாந்தி விதையையும் மிச்சமான சோற்றையும் பிஸ்கட்டையும் போடுகிறோம். விதை மட்டுமே தின்னும் கிளிக்குக் கொழுப்பு சேர்கிறது. வைட்டமின் ஏ குறைகிறது. காப்பியும் சாக்லேட்டும் வெண்ணெய்ப்பழமும் அதற்கு நஞ்சு. ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல் அளவுக்கு மீறிக் காய்ந்தால் எழும் புகை நமக்கு ஒன்றும் செய்யாதது போலத் தோன்றினாலும், அடுக்களையில் தொங்கும் பறவையைக் கொன்றுவிடும். மிளகாய் கொடுத்தால் கிளி நன்றாகப் பேசும் என்பது வெறும் நம்பிக்கையே. மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை. ஆதலால் அது தின்கிறது, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது துணை. கிளி கூட்டமாக வாழப் பிறந்தது. மாலையில் கூட்டம் கூட்டமாகக் கத்திக்கொண்டு மரத்தில் அடைவதைத் துடியலூரில் இன்றும் காணலாம். தன் கூட்டத்தின் குரலைக் கேட்டுக் கற்றுக்கொள்வது அதன் இயல்பு. தனியாக அடைக்கப்பட்ட கிளிக்கு நம்மைத் தவிர வேறு கூட்டம் இல்லை. ஆகவேதான் அது நம் சொற்களைக் கற்றுக்கொள்கிறது. கிளி பேசுகிறதே என்று நாம் கைதட்டுகிறோம். தன் இனத்தாரோடு பேச முடியாத ஒரு பறவை நம்மோடு பேச முயல்கிறது என்று எண்ணிப் பார்த்தால் கைதட்டத் தோன்றுமா? துணையும் வேலையும் இல்லாத கிளிகள் சில, தம் இறகுகளைத் தாமே பிடுங்கிக்கொள்ளும். இதைப் பலர் உண்ணி என்றும் சொறி என்றும் நினைக்கிறார்கள்.

அப்படியானால் இன்றே எல்லாக் கூண்டுகளையும் திறந்துவிடலாமா? வேண்டாம் என்பதே என் பதில். இதைக் கேட்டுச் சில தோழியர் வியப்படையலாம். பல ஆண்டுகள் கூண்டில் இருந்த கிளிக்குச் சிறகு வெட்டப்பட்டிருக்கும். வெட்டப்படாவிட்டாலும் பறக்கும் தசைகள் வலுவிழந்திருக்கும். பூனைக்கும் பருந்துக்கும் பயப்படத் தெரியாது. இரை தேடத் தெரியாது. காகங்கள் சூழ்ந்துகொண்டால் தப்பிக்க வழி தெரியாது. அதைத் திறந்துவிடுவது, நீந்தத் தெரியாத குழந்தையைக் கிணற்றில் இறக்கிவிட்டு "உனக்கு விடுதலை" என்று சொல்வதற்குச் சமம். வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை. மருத்துவர் பார்த்து, பெரிய அடைப்பில் மற்றக் கிளிகளோடு பறந்து பழகிய பிறகு, பறக்கக்கூடியவற்றை வெளியே விடலாம். பறக்கவே முடியாதவை தம் இனத்தாரோடு கடைசி வரை பாதுகாப்பாக இருக்கலாம்.

அசிசி நகர்ப் புனித பிரான்சிஸைப் பற்றி ஒரு கதை உண்டு. ஓர் இளைஞன் காட்டுப் புறாக்களைப் பிடித்துச் சந்தைக்கு விற்கக் கொண்டு போனான். பிரான்சிஸ் அவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வாங்கியவர் உடனே வானில் பறக்கவிடவில்லை. அவற்றுக்குக் கூடுகள் செய்து கொடுத்தார். அவை அங்கே தங்கி முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தன என்று கதை சொல்கிறது. விடுதலை கொடுப்பதோடு நிற்காமல், விடுதலைக்குப் பின் வாழ வழியும் செய்து கொடுத்த அந்த அன்பு நமக்குப் பாடமாகட்டும்.

இனி, கிளியை வளர்த்தவர்களைப் பற்றியும் பேச வேண்டும். எங்கள் தெருவில் கணவரை இழந்த முதியவர் ஒருவர் இருக்கிறார். பிள்ளைகள் வெளியூரில். அவர் வீட்டுக் கிளி பதினோரு ஆண்டுகளாக அவரோடு இருக்கிறது. காலையில் அவர் சாப்பிட்டாரா என்று கேட்கும் ஒரே குரல் அதனுடையதுதான். வனத்துறை அறிவிப்பைப் பற்றி நான் சொன்னபோது அவர் கேட்டார்: "இவனையும் கொண்டுபோய்ட்டா நான் யாருகூட அம்மணி பேசறது?" எனக்குப் பதில் வரவில்லை. சட்டப்படி அவரும் குற்றவாளி. காட்டில் குஞ்சு திருடி விற்றவரும் குற்றவாளி. இருவரையும் ஒரே தராசில் நிறுத்துவது நீதியாகுமா?

2023-இல் சென்னையில் ஒரு திரைப்பட நடிகர் வீட்டில் இரண்டு பெரிய பச்சைக்கிளிகள் இருந்ததற்காக வனத்துறை இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. 2024 மக்களவைத் தேர்தலின்போது கடலூர்த் தொகுதியில் ஒரு வேட்பாளருக்குக் கிளி ஜோசியம் சொன்னவரை வனத்துறையினர் பிடித்து, அவருடைய கிளிகளைப் பறிமுதல் செய்தார்கள். சட்டம் தன் கடமையைச் செய்தது. அதைக் குறை கூறவில்லை. ஆனால் தெருவோரம் அமர்ந்து சீட்டு எடுக்கும் ஏழை ஜோசியர் மாட்டிக்கொள்வதும், குஞ்சுகளை மொத்தமாக வாங்கி விற்கும் வியாபாரி மறைந்து நிற்பதும் முறையல்ல. விற்பவரிடம் கண்டிப்பும், அறியாமல் வளர்த்தவரிடம் பொறுமையும் வேண்டும். தாமாக முன்வந்து ஒப்படைப்பவரைத் தண்டிக்காமல், பாராட்டி அனுப்ப வேண்டும். முடிந்தால் அவர் தம் கிளியை ஓரிரு முறை போய்ப் பார்க்கவும் அனுமதிக்க வேண்டும். பயந்தால் மக்கள் கிளியை மறைத்துத்தான் வைப்பார்கள். அதனால் கிளிக்கே கேடு. அந்த முதியவரைப் போன்றோரைத் தினமும் ஒரு முறை போய்ப் பார்த்துப் பேசுவது வனத்துறையின் வேலையன்று. அது அக்கம்பக்கத்தில் வாழும் நம்முடைய வேலை. கிளி செய்துகொண்டிருந்த வேலையை நாம் ஏற்றுக்கொள்ளாமல், கிளியை விட்டுவிடு என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

கிளியைக் கூண்டில் அடைக்காமல் நேசிக்க முடியுமா? முடியும். சென்னை ராயப்பேட்டையில் ஜோசப் சேகர் என்பவர் 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பிறகு தம் வீட்டு மாடிக்கு வந்த ஓரிரு கிளிகளுக்கு அரிசி வைத்தார். நாளடைவில் ஆயிரக்கணக்கான கிளிகள் வந்தன. பல ஆண்டுகள் தம் வருமானத்தில் பெரும்பங்கை அவற்றின் அரிசிக்கே செலவிட்டார். ஒரு கூண்டுகூட அவர் வாங்கவில்லை. எல்லாராலும் அவ்வாறு செய்ய இயலாது, செய்யவும் வேண்டியதில்லை. பட்டுப்போன பனையை வெட்டாமல் விட்டாலே ஒரு ஜோடிக்கு வீடு கிடைக்கும். வீட்டில் இடமிருந்தால் ஒரு கொய்யாவோ நாவலோ முருங்கையோ நடலாம். கோடையில் ஒரு மண் சட்டியில் தண்ணீர் வைக்கலாம்.

நம் கொங்கு நாட்டு விவசாயிகள் இதைப் படித்தால் சிரிக்கக்கூடும். சோளக்காட்டில் கதிர் பிடிக்கும் நேரத்தில் கிளிக்கூட்டம் இறங்கினால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களுடைய கஷ்டமும் உண்மையே. ஆனால் தினைப்புனம் காத்த வள்ளியின் காலம் முதல் தமிழர் கிளியைக் கவண் வீசியும் ஆலோலம் பாடியும் விரட்டினார்கள். விரட்டிவிட்டு அதன் வானத்தை அதற்கு விட்டுவைத்தார்கள். மதுரைக் கோயிலில் கிளிக்கூட்டு மண்டபம் என்ற ஒன்று உண்டு. ஒரு காலத்தில் அங்கே கூண்டுகளில் கிளிகள் இருந்தன. இன்று பெயர் மட்டும் நிற்கிறது, கிளிகள் இல்லை. திருவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையில் உள்ள கிளியோ இலைகளால் தினமும் புதிதாகச் செய்யப்படுவது. கோயில்களாலேயே முடிந்தது நம் வீடுகளால் முடியாதா?

நமக்கு அருகிலேயே, தடாகம் வழியாகப் போனால் ஆனைகட்டியில், சாலிம் அலி பெயரால் 1990-இல் தொடங்கப்பட்ட பறவையியல் மையம் இருக்கிறது. இத்தனை அருகில் பறவைகளைப் பற்றிப் படித்தவர்கள் இருந்தும் நாம் கிளியைக் கூண்டில்தான் பார்க்க வேண்டுமா? அக்டோபர் 4-ஆம் நாள் புனித பிரான்சிஸின் திருநாள். அன்று நம் பள்ளியில் ஜெபத்தோடு ஒரு செயலும் சேரட்டும் என்று அருட்சகோதரிகளையும் ஆசிரியைகளையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வகுப்புக்கு ஒரு மரம் நடுவோம். கிளி வளர்க்கும் வீடுகளுக்குச் சென்று, யாரையும் குற்றம் சாட்டாமல், ஒப்படைக்கும் முறையை எடுத்துச் சொல்வோம். தனியாக வாழும் பெரியவர்களின் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு, முறை வைத்துப் போய்ப் பார்த்து வருவோம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் சிறு மகள் பிறந்தநாளுக்குக் கிளிக்குஞ்சு கேட்டால், மாலையில் அவளை மொட்டை மாடிக்கு அழைத்துப் போங்கள். தலைக்கு மேலே கத்திக்கொண்டு பறந்து போகும் கூட்டத்தைக் காட்டி, "இவை எல்லாம் உன்னுடையவைதான், அவை இருக்கும் இடத்தில் இருக்கட்டும்" என்று சொல்லுங்கள். குழந்தைகள் புரிந்துகொள்வார்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி, துடியலூர்