தொப்பி வில்லையும் குடும்பக் கதையும்

நம் நாட்டுப் பழைய இல்லங்களுட் புகுவோர் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. கூடத்துச் சுவரில், தெய்வப் படங்களுக்குச் சற்றுக் கீழே, கண்ணாடிச் சட்டமிட்ட நிழற்படமொன்று தொங்கும். காக்கி உடையணிந்த இளைஞர் ஒருவர் தொப்பியைச் சிறிதே சாய்த்து வைத்துப் பூந்தொட்டி ஒன்றன் அருகே நிற்பார். அவர் யாரென வினவினால், "எங்கள் தாத்தா, பட்டாளத்தில் இருந்தார்" என்னும் விடை வரும். எந்தப் பட்டாளம், எந்த ஆண்டு என மேலும் வினவினால் விடையளிப்பார் அரியர். ஆயினும் அவ்விடை பல வேளைகளில் அப்படத்திலேயே, நெல்மணி அளவாய்த் தோன்றும் தொப்பி வில்லையிலும் தோளெழுத்துக்களிலும் அடங்கியிருக்கின்றது. அதனைப் படிக்கக் கற்றல் வேண்டும். படித்தபின் அது கூறும் உண்மையை ஏற்கும் மனமும் வேண்டும். இவ்விரண்டனுள் பின்னதே அரிது என்பது நம் கருத்து.

சென்ற கோடை விடுமுறையில் திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகையில் நண்பர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவருடைய பாட்டனார் சென்னை ரெஜிமெண்டிற் 'காப்டன்' பதவி வகித்துப் பர்மாவில் துப்பாக்கி ஏந்திப் போரிட்டவர் என்பது அக்குடும்பத்தார் சொல்லிவந்த கதை. படத்தைச் சட்டத்தினின்று மெல்ல எடுத்து உருப்பெருக்கும் கண்ணாடி கொண்டு நோக்கினோம். வில்லை மங்கியிருந்தது. ஆனால் தோளிற் பித்தளை எழுத்துக்கள் ஐந்து தெளிவாய்த் தெரிந்தன: ஆர், ஐ, ஏ, எஸ், ஸி. 'ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர்' என்பதன் முதலெழுத்துக்கள் அவை. படைகளுக்கு உணவும் எரியெண்ணெயும் பிறவும் கொண்டு சேர்த்த பிரிவு அது. காப்டனுக்குரிய மூன்று நட்சத்திரங்கள் தோளில் இல்லை. சட்டைக் கையில் நாயக் பதவிக்குரிய இரண்டு பட்டைகளே இருந்தன.

நண்பர் முகம் வாடிற்று. அப்போது உள்ளிருந்து வந்த அவருடைய அத்தையார், "நைனா லாரி ஓட்டினதாகத்தான் அம்மா சொல்லுவாள். அதை வெளியிற் சொல்ல எங்களுக்குக் கூச்சமாக இருந்தது" என்றார். உண்மை அவ்வில்லத்திற் காணாமற் போகவில்லை, நாணத்தால் மறைக்கப்பட்டிருந்தது.

இந்நாணம் தகுமா என்பதே நம் வினா. 1944-ஆம் ஆண்டில் இம்பாலிலும் கோஹிமாவிலும் போரிட்ட சேனைக்கு அரிசியும் மாவும் தாமே நடந்து செல்லவில்லை. மழையிற் கரையும் மலைப்பாதைகளில் வண்டி செலுத்தியோர் இன்றேல் துப்பாக்கி ஏந்தியோர் ஒரு வாரமும் நின்றிரார். அன்றியும், தமிழர் பலர் இத்தகைய பிரிவுகளிற் சேர்ந்தமைக்குச் சரித்திரக் காரணமும் உண்டு. 'போர்க் குலத்தார்' இன்னார் எனப் பிரித்த அக்காலத்து ஆட்சியாளர், தென்னாட்டுக் காலாட்படைகளை 1920-களிற் கலைத்தனர். 61, 64, 81 என்னும் எண்கள் பூண்ட பழம்படைகளினின்று அமைந்த சென்னைப் பயனியர் படையும் 1933-இற் கலைக்கப்பட்டது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட சென்னைச் சாப்பர் படை நிலைத்து நின்றது. இரண்டாம் உலக யுத்தம் மூண்டு, ஏறத்தாழ இரண்டு லட்சமாயிருந்த இந்திய சேனை இருபத்தைந்து லட்சமாய்ப் பெருகியபோதுதான், புறக்கணிக்கப்பட்டோர் மீண்டும் அழைக்கப்பட்டனர். அவருட் பலர் வண்டியோட்டியாகவும், தந்தியாளராகவும், மருத்துவ உதவியாளராகவும், தொழிலாளராகவும் தொண்டு புரிந்தனர். ஆதலின் அவ்வெளிய வில்லை குறைவின் அடையாளமன்று. ஒரு காலத்தின் சாட்சி.

இனி, அச்சாட்சியை விசாரிக்கும் முறையைச் சிறிது கூறுவோம். முதல் உலக யுத்தத்திற் சென்ற நம்மவர் பெரும்பாலும் தலைப்பாகை அணிந்தனர். அதில் வில்லை இல்லாமை இயல்பு. அங்ஙனமாயின் தோளெழுத்தையே நாடுதல் வேண்டும். எழுத்துக்கள் காலத்தையும் காட்டும். மேற்கூறிய சர்வீஸ் பிரிவு 'ராயல்' என்னும் பட்டம் பெற்றது 1935-இல். ஆதலின் அவ்வெழுத்துடைய படம் அதற்கு முற்பட்டதாகாது. இந்திய ஆர்மி மெடிக்கல் கோர் 1943-இல் அமைந்தது. அதன் சின்னம் அணிந்தவரை 1940-ஆம் ஆண்டிற்கு உரியவராக்குதல் பிழை. வில்லையில் மன்னர் முடி இருப்பின் குடியரசிற்கு முந்தியது எனவும், அசோகர் சிங்கம் இருப்பின் 1950-க்குப் பிந்தியது எனவும் கொள்ளலாம்.

ஒரு குறியை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறுதலும் ஆகாது. 1803-ஆம் ஆண்டு அஸ்ஸாயேப் போரின் நினைவான யானை சென்னை ரெஜிமெண்டின் சின்னம் என்பர்; மெய்யே. ஆனால் அதே யானை ஸ்காத்லாந்து நாட்டு ஹைலண்டு லைட் இன்பண்டிரியின் வில்லையிலும் இருந்தது. படம் இடவலம் மாறி அச்சாகியிருத்தலும் கூடும். பதக்க நாடாக்கள் வலமார்பில் தோன்றினால் அவ்வையம் கொள்க. பழைய பிலிமிற் சிலவகை சிவப்பைக் கருமையாகக் காட்டுமாதலின், நாடாவின் நிறத்தை ஊகித்தலிலும் எச்சரிக்கை வேண்டும்.

நம் வட்டாரத்தார்க்கு மற்றொரு சிக்கலும் உண்டு. திருத்தணி 1911 வரை வடார்க்காட்டிலும், பின் சித்தூர் ஜில்லாவிலும், 1960 முதற் செங்கற்பட்டிலும், 1997 முதல் திருவள்ளூரிலும் அடங்கியது. பாட்டனார் பெயரைப் படைப் பதிவுகளில் திருவள்ளூரின்கீழ்த் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். இரண்டாம் யுத்தகாலத்துக்குச் சித்தூர் என்றே தேடுதல் வேண்டும். முதல் யுத்தப் பதக்கம் பெட்டியிற் கிடப்பின் அதன் விளிம்பை நோக்குக. வீரரின் எண்ணும் பெயரும் பிரிவும் ஆங்குப் பொறிக்கப்பட்டிருத்தல் வழக்கம். வில்லையோ பதக்கமோ கிடைப்பின் புளியிட்டுத் துலக்க வேண்டா, எழுத்துத் தேய்ந்துவிடும்.

"பெரியோர்க்குப் பெருமை சேர்க்கும் சிறு பொய்யால் தீங்கென்ன?" என வினவுவாரும் உளர். தீங்கு உண்டு. அவர் செய்யாத வீரத்தை அவர்க்கு ஏற்றுங்கால், அவர் உண்மையிற் செய்த உழைப்பைத் துடைத்தெறிகின்றோம். சுவரில் நிற்பவர் அவராயிரார். நாம் விரும்பிய வேறொருவர் ஆவர்.

ஆதலின் மாணாக்கர்க்கு நாம் கூறுவது இது: வரும் விடுமுறையில் உம் இல்லத்துப் படத்தைக் கீழிறக்குக. முதியோர் அருகிருந்து அவர் சொல்வதைக் கேட்டுப் பெயரையும் ஊரையும் பிரிவையும், ஐயமுள்ளவற்றை ஐயமெனவே, படத்தின் பின்புறத்து மெல்லிய பென்சிலால் எழுதுக. கே.ஜி.கண்டிகையில் அன்று மாலை நண்பர் அவ்வாறே எழுதினார். 'காப்டன்' என்னும் சொல் அதில் இல்லை. 'நாயக், லாரி ஓட்டினார், பர்மா என்பர்' என்றிருந்தது. அத்தையார் அதனைப் படிக்கச் செய்து கேட்டு, படத்தை முன்னிருந்த ஆணியிலேயே மாட்டுவித்தார்.